அம்மாவுக்கு ஒரு பகல் காட்சி

“அம்மாவுக்குப் பழைய படம்தான் பிடிக்கும்.” எழுபதைத் தாண்டிய தாயார் இருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் இந்தப் பதில் தயாராக இருக்கும். சொன்ன கையோடு யூடியூப்பில் ஒரு சிவாஜி படத்தைத் தட்டிவிட்டு, கைப்பேசியோடு அறைக்குள் போய்விடுவோம். மலாக்காவின் டுரியான் துங்காலில் நாங்கள் இருக்கும் தாமானில் சாயங்காலம் ஒரு நடை நடந்தால் இதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு வீட்டிலிருந்து ‘திருவிளையாடல்’ வசனம், அடுத்த வீட்டிலிருந்து தொடர்நாடகத்து அழுகை. பெட்டிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரே ஒரு நாற்காலி.

அந்தப் பதிலை நான் இப்போது நம்புவதில்லை. என் அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கிய பிறகு நம்பிக்கை போய்விட்டது. அம்மாவுக்குப் பழைய படம் பிடிக்கிறது என்பது பாதி உண்மைதான். புதிய படம் அவருக்குக் காதில் விழவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மீதிப் பாதி. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. “நல்லாத்தான் இருக்கு பாப்பா, நீ பாரு” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய எழுந்து போய்விடுகிறார். நாமும் அதை ரசனை என்று எழுதிக்கொள்கிறோம்.

திடலில் கட்டிய வெள்ளைத் துணி

மலாக்கா மாநிலத்தில் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் தமிழ்ப் பெண்களில் பலர் கித்தா எனும் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் கத்தி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போயாக வேண்டும். மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் சமையல், பிள்ளைகள், துணி. இதற்கு நடுவில் சினிமா எங்கே வந்தது என்று கேட்டால், அதுதான் வந்தது என்பார்கள்.

சம்பளம் போட்ட வாரமோ கோயில் திருவிழாவோ வந்தால் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். 16 மில்லிமீட்டர் படச்சுருள், ஒரே ஒரு புரொஜெக்டர். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசினார். ஒரு சுருள் முடிந்து அடுத்தது மாட்டும் வரை திடலே பேசும். யார் கெட்டவன், அந்தப் பெண் ஏன் உண்மையைச் சொல்லவில்லை, அவள் உடுத்திய சேலை என்ன ரகம் எல்லாம் அங்கேயே தீர்மானமாகும். கச்சாங் பூத்தே பொட்டலம் கைமாறும். மடியில் ஒரு பிள்ளை தூங்கும்.

இதை நான் இனிமையான பழங்கதையாகச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்குப் படம் பார்ப்பது என்றாலே பேசிக்கொண்டு பார்ப்பதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். வாய் மூடிக்கொண்டு பார்க்கும் ஒழுங்கு குளிர்சாதன அரங்குகளோடு வந்தது. நம் அம்மாக்கள் கற்ற சினிமா அதுவல்ல. வீட்டில் படம் ஓடும்போது “இவன் யாரு?” என்று அவர் கேட்பதும், “பேசாம பாருங்கம்மா” என்று நாம் அதட்டுவதும் இரண்டு பழக்கங்கள் மோதிக்கொள்கிற இடம்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. இரண்டாவது அலைவரிசை 1969இல் வந்தது, வண்ணம் 1978இல். தோட்டங்களில் பல காலம் கிளப்பில் ஒரு பெட்டி இருந்தது, ஊரே அதன் முன்னால் கூடியது. வீட்டில் சொந்தமாக வாங்கியவர்கள் சிலர் கார் பேட்டரியில் அதை ஓட்டினார்கள். தோட்டத்து மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. ராத்திரி பத்து மணி வாக்கில் அதை நிறுத்திவிடுவார்கள், கதாநாயகி தூக்கு மேடையில் நின்றாலும் சரி.

அதனால் என் அம்மாவிடம் முடிவு தெரியாத படங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஒன்று. ஏறக்குறைய முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. தேவிகாவின் கணவர் முத்துராமனுக்குப் புற்றுநோய். அறுவை செய்ய வேண்டிய டாக்டர் கல்யாண்குமாரோ ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவர். அறுவைக்கு முன்னாலேயே விளக்கு அணைந்துவிட்டதாம். புற்றுநோய்தானே, கணவன் செத்திருப்பான் என்று அம்மா அன்றைக்கே முடிவு கட்டி, அப்படியே நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். சென்ற ஆண்டு ஒரு மதியம் கடைசி வரை பார்த்தோம். கணவன் பிழைத்துக்கொண்டான்; டாக்டர்தான் போய்விட்டார். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “அடக் கடவுளே, இத்தனை வருசமா அந்த மனுசனைச் சாகடிச்சுல்ல வச்சிருந்தேன்!”

காதுதான் முதல் ரசிகன்

இனி காதுக்கு வருவோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 25 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு செவித்திறன் குறைவு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதின் காரணமாகக் காது மந்தமாகும்போது எல்லா ஒலியும் ஒரே மாதிரி குறைவதில்லை. உச்ச ஒலிகள் முதலில் போகின்றன. உயிரெழுத்தின் நீட்டம் கேட்கும். சொல்லுக்கு வடிவம் தருகிற ச, த, க போன்ற மெய்கள் மங்கிவிடும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. அதோடு பின்னணி இசையும் சேர்ந்துகொண்டால் சுத்தமாகப் போச்சு.

இப்போது ‘பராசக்தி’யை (1952) நினைத்துப் பாருங்கள். ‘மனோகரா’வை (1954) நினைத்துப் பாருங்கள். நாடகக் கொட்டகையில், ஒலிபெருக்கி இல்லாத இடத்தில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி பேசிப் பழகிய தொண்டைகள் அவை. ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கடித்துத் துப்புவார்கள். வசனம் வரும்போது வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கும். படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்று ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரத்தைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழுதாக ஓடவிட்டார்களே, அது எப்படி முடிந்தது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை நிற்கும்படி அந்தப் படம் செய்யப்பட்டிருந்தது. தருமியாக நாகேஷ் புலம்புவதில் ஒரு அசைகூட வீணாகாது.

எண்பதுகளிலிருந்து நம் சினிமா இயல்பாகப் பேசக் கற்றுக்கொண்டது. மணிரத்னம் படங்களின் சுருக்கமான முணுமுணுப்பு வசனத்தைக் கேலி செய்யாத மேடை நகைச்சுவைக்காரர் உண்டா? நடிப்புக் கலைக்கு அது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மந்தமான காதுக்கு அது கதவடைப்பு. இன்றைய ஒலிக்கலவை பெரிய அரங்கின் பல ஒலிபெருக்கிகளை மனதில் வைத்துச் செய்யப்படுவது. அதே படம் நம் வீட்டு மெல்லிய டிவியில், பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும் விரல் அளவு ஒலிபெருக்கியில் வரும்போது, வசனம் இசைக்கு அடியில் புதைந்துபோகிறது.

உடனே சத்தத்தைக் கூட்டுவோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. மந்தமான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி ஓர் அளவைத் தாண்டினால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கும். ‘ஜெயிலர்’ (2023) ஓடும்போது வசனத்துக்காகக் கூட்டிய சத்தம் சண்டைக் காட்சியில் வீட்டை உலுக்கும். அம்மா காதைப் பொத்திக்கொள்வார். நாமோ ரஜினியைக்கூட இவருக்குப் பிடிக்கவில்லை என்போம்.

கண்ணும் இப்படித்தான். அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கருவிழிப் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது, புரை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பழைய ஸ்டுடியோப் படங்களில் ஒவ்வொரு முகத்தின் மேலும் விளக்கை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். இன்றைய துப்பறியும் படத்தில் பாதி நேரம் இருட்டில் இருட்டு நடமாடும். “கரண்ட் போச்சா?” என்று அம்மா கேட்டது நகைச்சுவைக்காக அல்ல.

இதெல்லாம் என் கற்பனையோ என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. எம். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) அதைத் தீர்த்து வைத்தது. புதிய படம், பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி ஓடாத கதை. முதன்மைப் பாத்திரத்தில் நடித்த நல்லாண்டி ஐயா நிஜ விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பெரும்பகுதி பகல் வெளிச்சத்தில், வயல்வெளியில் நடக்கிறது. யாரும் அவசரப்பட்டுப் பேசுவதில்லை. அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. செத்த மயில்களைப் புதைத்த பாவத்துக்கு அந்தப் பெரியவர் மேல் வழக்கு வந்தபோது நீதிமன்றத்தோடு அம்மாவே வாதாடினார். பழைய படம் மட்டுமே பிடிக்கிறவர் எப்படி இதைப் பார்த்தார்? கேட்டது, தெரிந்தது, பார்த்தார்.

ராத்திரி ஒன்பது மணி யாருக்கு?

நாம் படம் பார்க்கும் நேரம் நம் வசதிக்கானது. வேலை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒன்பதுக்குமேல் உட்காருவோம். அம்மாவின் உடம்பு பெரட்டு மணிக்குப் பழகிய உடம்பு. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் நாலு, நாலரைக்குக் கண் விழித்துவிடுகிறார். வயதானால் தூக்கம் முன்னே நகர்வது பொதுவான இயல்பு. மரம் சீவியவர்களுக்கு அது இரட்டைச் சட்டம். ஒன்பது மணிப் படத்தில் இடைவேளைக்கு முன்பே தலை சாயும். ஜெனரேட்டர் காலத்தில் விளக்கு அணைந்தது, இப்போது அவரே அணைந்துவிடுகிறார். முடிவு தெரியாத பட்டியல் இன்னும் நீண்டதுதான் மிச்சம்.

ஆகவே பகல் காட்சி. எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பசியாறி முடித்ததும் படம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். அம்மாவின் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்துவோம். சத்தத்தைக் கூட்டுவதைவிடத் தூரத்தைக் குறைப்பது நல்ல வைத்தியம். பல டிவிகளில் பேச்சைத் தெளிவாக்கும் ஒலி அமைப்பு ஒன்று உண்டு, அதைத் தேடிப் பிடியுங்கள். வசதி இருந்தால் கம்பியில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கலாம். படத்தை எண்ணெய் தடவியது போல வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு, சிவாஜியைத் தொடர்நாடக நடிகர் ஆக்கிவிடும். அதை அணைத்துவிடுங்கள். இது அம்மாவுக்காக அல்ல, எனக்காக.

நிறுத்தும் பொத்தானைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். “இவன் யாரு?” என்றால் நிறுத்து. “அவ தம்பிம்மா, முதல்ல ரயில்ல வந்தானே.” “ஓ, அந்தத் திருட்டுப் பயலா!” ஓடவிடு. சுருள் மாற்றும் இடைவெளியைத் திரும்பக் கொடுத்தது போல. மறதி தொடங்கியிருக்கும் தாய்மார்கள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் முதல் முறை போலவே பதில் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது முறை நம் குரலில் ஏறும் எரிச்சல் மட்டும் அவர்களுக்குத் துல்லியமாகக் கேட்கும்.

நீளமும் பிரச்சினைதான். மூன்று மணி நேரம் உட்கார முதுகு ஒத்துழைக்காது. ‘திருவிளையாடல்’ (1965) இந்த வகையில் ஒரு வரப்பிரசாதம். ஏ.பி. நாகராஜன் அதைத் தனித்தனிக் கதைகளாகக் கோத்திருக்கிறார். நக்கீரராக அவரே வந்து வாதாடும் தருமி கதை இந்த ஞாயிறு, டி.எஸ். பாலையாவின் ஹேமநாத பாகவதர் அடுத்த ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளலாம்.

முத்தக் காட்சி வந்தால் என்ன செய்வது என்று தோழிகள் கேட்கிறார்கள். ரிமோட்டைத் தேடி நாம் படும் பாடுதான் அங்கே ஆபாசம். ஆறு பிள்ளை பெற்ற என் அம்மா ஒருமுறை என் கையைத் தட்டிவிட்டு, “விடு பாப்பா, அவங்க வேலையை அவங்க பார்க்குறாங்க” என்றார். அவரால் தாங்க முடியாதது வெட்டும் குத்தும் தெறிக்கும் ரத்தமும். அதற்கு எழுந்து போய்விடுவார். அது ரசனைதான், ஒப்புக்கொள்கிறேன்.

படம் ஒரு சாக்கு

கே. பாலசந்தரின் ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) போட்ட அன்று வேறொரு படம் ஓடியது. அத்திப்பட்டிப் பெண்கள் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா திடீரென்று 1991க்குப் போய்விட்டார். டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்குத் தவித்த வருடம் அது. அணைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது, வாளியைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போனது, யார் யாரோடு சண்டை போட்டார்கள், பிறகு எந்தக் கல்யாணத்தில் ராசியானார்கள் எல்லாம் வந்தது. சரிதாவை நிறுத்தி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டேன். “அப்ப எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று வெறுமனே கேட்டிருந்தால் “என்னமோ சமாளிச்சோம்” என்றுதான் பதில் வந்திருக்கும்.

நம் நாட்டுப் படங்களுக்கு இந்த வலு இன்னும் அதிகம். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) அறுபதுகளின் கித்தாத் தோட்டத்தில், படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. அம்மா நாயகியைவிடப் பின்னால் நின்ற மரங்களைத்தான் அதிகம் பார்த்தார். பட்டையைப் பார்த்தே மரத்தின் வயதைச் சொல்ல முயன்றார். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போய் முட்டி நின்றார்கள் என்பதை அது சொல்கிறது. அதைப் பார்த்தபோது அம்மா அதிகம் பேசவில்லை. எங்கள் லயத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேரின் பெயரை மட்டும் சொன்னார். ‘கபாலி’யில் (2016) கதை பெரிதாக ஒட்டவில்லை. ஆனால் மலாக்காவிலும் படப்பிடிப்பு நடந்தது என்று சொல்லிவிட்டேனா, தெரிந்த ரோடு எங்கே வருகிறது என்று கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு கூட்டாளியும் உண்டு, மலாய்ப் பட நடிகர் பி. ரம்லி. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கும் அம்மாவுக்கும் பொதுவான கடவுள். ‘இபு மெர்துவாக்கு’ (1962) படத்தில் காசிம் செலாமாட் தன் கண்ணையே குருடாக்கிக்கொள்ளும் இடத்தில் இருவரும் ஒன்றாகத் தலையில் அடித்துக்கொள்வார்கள். ரம்லியை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கிய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன் ஒரு தமிழர். அந்தக் கால மலாய்ப் படங்களின் பாட்டும் கண்ணீரும் இந்திய இயக்குநர்களின் கைவண்ணத்தில் வந்தவை. அம்மாவுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் “நம்ம படம் மாதிரியே இருக்கும்” என்று எப்போதோ சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் வீட்டுக்குள் நாமே சரிக்கட்டிவிட முடியாது. நம் தொலைக்காட்சிகளில் தமிழ்ப் படத்துக்குக் கீழே மலாய் எழுத்து ஓடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்த பாட்டிக்கு அந்த வேகத்தில் மலாய் படிக்க வராது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்துப் போட்டால் கேட்காத மெய்யெழுத்தைக் கண் பிடித்துக்கொள்ளும். பேசும் மொழியிலேயே எழுத்தும் ஓட வேண்டும் என்ற யோசனையை அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி 1996லேயே முன்வைத்தார். அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் பாட்டுப் பார்த்தபடியே வாசிப்பில் தேறட்டும் என்பது அவர் எண்ணம். இந்தியத் தொலைக்காட்சியில் அது நடைமுறைக்கும் வந்தது. மலேசியாவில் தமிழ் அலைவரிசைகளை நடத்துகிறவர்கள் வாரம் ஒரு பழைய படத்துக்காவது தமிழ் எழுத்துப் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

நம் பங்குக்கு முதலில் செய்ய வேண்டியது காதையும் கண்ணையும் காட்டுவது. அரசாங்க கிளினிக்கில் கேட்டால் செவிப் பரிசோதனைக்கும் புரை பார்ப்பதற்கும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். “வயசாச்சு, அப்படித்தான்” என்று அம்மா மறுப்பார், விடாதீர்கள். கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவு மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் ஆய்வுக் குழு தன் அறிக்கைகளில் தொடர்ந்து சொல்லி வருகிறது. பிறகு ஒரு ஞாயிறு காலை, முடிவு பார்க்காமல் விட்ட படம் எது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். யூடியூப்பின் ஒலிவாங்கியில் அவரையே தமிழில் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், தேடிக் கொடுத்துவிடும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.